வைத்திருப்பதும் பார்த்துக்கொள்வதும்

ஏற்காட்டுக்குப் போகும் பெரிய மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டிகளையெல்லாம் எங்கள் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்களின் வருகை கூடும். மலையேறும் முன் ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்று இறங்குவார்கள். உள்ளே நுழைந்ததும் காப்பியை மறந்து ஹாலிலேயே நின்றுவிடுவார்கள். சுவரோரமாக நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. மேலே நீல விளக்கு. உள்ளே, காற்றில் ஆடும் நாற்றுப்போல அசைகிற பவளங்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். கல்லிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் ஒரு சின்ன மீன். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போர்வெல் வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் இப்படி ஒரு காட்சி.

“கடலையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரே மாப்பிள்ளை” என்பார்கள். “இதுக்கெல்லாம் எவ்வளவு பொறுமை வேணும்!” என்பார்கள். என் கணவர் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு பவளத்தின் பெயரையும் சொல்லி விளக்குவார். இல்லாவிட்டால் அந்தப் பாராட்டை நான் வாங்கி வைத்திருந்து அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு முறை, மொத்தம் நான்கு நாள் வீட்டில் இருப்பார். மற்ற இருபத்தாறு நாளும் அந்தக் கடல் என் கையில்.

அந்த வேலை என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர். அதிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு நாளும் உப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாளுக்கு மூன்று லிட்டர் குறையும். போர்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாக வெளியே போகும். அதைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்கப் பயன்படுத்துவேன். வாரத்துக்கு ஒரு முறை 25 லிட்டரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் கலக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. மீனின் கழிவு அம்மோனியாவாகும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத குடித்தனம் ஒரு நாள் நின்றாலும் மீன் செத்துவிடும். பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளும். எடுத்ததை நாம் திரும்பப் போட வேண்டும். மக்னீசியமும் குறையக் கூடாது. வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற சேலத்தில், மக்னீசியம் நிறைந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் மக்னீசியத்தை டப்பாவில் விலைகொடுத்து வாங்குகிறோம்.

தண்ணீரின் சூடு 26 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். 30 தாண்டிச் சில நாள் நீடித்தால் பவளம் வெளுக்கத் தொடங்கும். அதனால் ஹாலுக்கு ஏ.சி. வந்தது. பதினான்கு வருடமாக நான் சமைக்கிற அடுப்படிக்குப் புகைபோக்கி விசிறி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை நான் சண்டையாகச் சொன்னதில்லை. ஒரு நாள் அத்தைதான், என் மாமியார், போகிறபோக்கில் சொன்னார்: “மீனுக்கு வேர்க்குதுன்னு ஏ.சி. போட்டான். உனக்கு வேர்க்கறது அவனுக்குத் தெரியல பாரு.”

இந்தத் தொட்டியை முன்வைத்து நான் யோசித்துக்கொண்டிருக்கிற கேள்வி, வேலையை யார் செய்வது என்பதில் தொடங்கியது. அங்கேயே அது நிற்கவில்லை.

நம் மொழியில் இதற்கு மூன்று வினைச்சொற்கள் உண்டு. “அவர் மீன் வெச்சிருக்கார்.” “நாங்க மீன் வளர்க்கறோம்.” “மீனை அவ பார்த்துக்கறா.” மூன்றும் ஒரே தொட்டியைப் பற்றியவை. ஆனால் ஒன்றல்ல.

வைத்திருத்தல் என்பது உடைமை. நிலம் வைத்திருக்கிறார், வண்டி வைத்திருக்கிறார். இதே சொல்லைப் பெண்ணுக்குச் சொல்லும்போது நம் ஊரில் எவ்வளவு இழிவாகச் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். உயிரை ‘வைத்திருப்பது’ பற்றி மொழிக்குள் ஏதோ ஒரு நெருடல் இருக்கிறது. ஆனால் அந்த நெருடல் வைத்திருப்பவனை உறுத்தவில்லை, வைக்கப்பட்டவளின் மேல் போய் விழுகிறது.

வளர்த்தல் கௌரவமான சொல். பிள்ளையை வளர்க்கிறோம், ஆட்டை வளர்க்கிறோம். ஆனால் அதில் ஒரு மறைப்பும் இருக்கிறது. மீன் தானாகத்தான் வளர்கிறது. நாம் செய்வது, அது வளரக்கூடிய நிலைமையைக் குலையாமல் வைத்திருப்பது. வளர்த்தேன் என்று சொல்கிறவர் அந்த வளர்ச்சிக்கே உரிமை கொண்டாடுகிறார்.

பார்த்துக்கொள்ளுதல் என்ற சொல்லுக்குள் பார்வை இருக்கிறது. பார்த்தால்தான் பார்த்துக்கொள்ள முடியும். காலையில் விளக்கு எரியும் முன்பே பவளம் சுருங்கியிருக்கிறதா, மீன் மூச்சு வாங்குகிறதா, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். விருந்தாளியும் பார்க்கிறார், என் கணவரும் பார்க்கிறார். அவர்கள் பார்த்து ரசிக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு தூரம் யோசித்தபோது எனக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது. உழைப்பவள் நான், பெயர் வாங்குபவர் அவர், இது தெரிந்த கதை. ஒரு மே மாத இரவு அந்த அபிப்பிராயத்தைக் கலைத்தது.

கோடை மழை. மலையிலிருந்து இறங்கிய காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரத்தில் கையை விரித்தது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்கள் நின்றுவிட்டன. தண்ணீர் அசையாவிட்டால் காற்று கரையாது, காற்று கரையாவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். வழி ஒன்றுதான். சொம்பால் தண்ணீரை மொண்டு, உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு உதவுகிற அக்கா அன்று மழைக்குப் பயந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், முழங்கால் வலிக்காரர். நான் ஒரு மணி நேரம், அவர் ஒரு மணி நேரம் என்று மாறி மாறி ஊற்றினோம். மின்சாரம் வந்தபோது மணி மூன்றரை. கண்ணில் தூக்கத்தோடு, “மீனு பொழச்சுக்கிச்சா கண்ணு?” என்று கேட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் அவர் ஒன்பது மணிக்குத்தான் எழுந்தார். நான் “ஏங்க்கா இவ்வளவு நேரம்” என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஆனால் வாயெடுத்தேன்.

பல மாதங்களுக்குப் பிறகு, மீன்தொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இரண்டு பெண்களைச் சந்தித்தேன். ஒருவர் ழான் வில்ப்ரே-பவர். 1794இல் பிரான்சில் பிறந்தவர், தையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். திருமணமாகி சிசிலித் தீவின் மெசீனாவுக்குப் போனார். ஆர்கோனாட் என்னும், மெல்லிய ஓட்டுக்குள் வாழும் எண்காலி, அந்த ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, வேறொரு உயிரிடமிருந்து பறிக்கிறதா என்ற கேள்வி அந்தக் காலத்து அறிஞர்களிடையே தீராமல் இருந்தது. உயிரோடு வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்று 1832இல் கண்ணாடித் தொட்டி செய்தார். கடலிலேயே இறக்கி வைக்கும் கூண்டுகளையும் செய்தார். ஓட்டை அது தானேதான் கட்டுகிறது என்று நிறுவினார். இன்று நம் வீடுகளில் இருக்கும் மீன்தொட்டிக்கு மூத்த வடிவம் ஒரு பெண்ணின் கேள்வியில் இருந்து வந்தது.

இன்னொருவர் ஆனா தின். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உயர்பதவியில் இருந்த பாதிரியாரின் மனைவி. 1846இல் டார்க்கி என்ற கடலோர ஊரில் இருந்து உயிருள்ள கல்பவளங்களை ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்து, வருடக்கணக்கில் உயிரோடு காத்தார். பவளத்தை வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர்களில் முன்னோடி. மோட்டார் இல்லாத காலம். தண்ணீரில் எப்படிக் காற்றைக் கரைத்தார்? திறந்த சன்னல் பக்கம் நின்று, அரை மணி முக்கால் மணி நேரம், ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றி. அவர் ஊற்றவில்லை. வீட்டு வேலைக்கு இருந்த ஒரு சின்னப் பெண் ஊற்றினாள். அது களைப்பு தரும் வேலைதான் என்று ஆனா தின்னே பின்னர் எழுதியிருக்கிறார். கூடவே, அந்தப் பெண் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்பது யாருடைய வாக்குமூலம்? எஜமானியின் வாக்குமூலம். அந்தப் பெண்ணின் பெயர்கூட அந்தக் குறிப்பில் இல்லை. பவளத்தின் பெயர் இருக்கிறது.

பெண் செய்ததை ஆண் தன் பெயரில் எழுதிக்கொண்டான் என்ற கதையைப் படிக்கும் ஆசையில்தான் நான் தேடப் போனேன். பெண் செய்தது என்று கொண்டாடப்படுவதற்கு அடியில் இன்னொரு பெண்ணின் கை இருப்பதைப் படிக்க வேண்டியதாயிற்று. என் வீட்டு இரவில் ழான் யார், ஆனா யார், சொம்பைப் பிடித்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்கு அந்த இரவின் கூலியை ஒரு வருடம் கழித்துக் கொடுத்தேன். வாங்க மாட்டார், ‘இதுக்கெல்லாமா கண்ணு’ என்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்: “நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்.” அன்பால் செய்தார் என்று நான் நினைத்திருந்தேன். அன்பாலும்தான் செய்திருப்பார். ஆனால் கணக்கும் வைத்திருந்தார். அன்பு இருக்கிற இடத்தில் கணக்கு இருக்காது என்று நம்புகிற வசதி, கணக்குத் தீர்க்க வேண்டியவர்களுக்கு மட்டுமே இருக்கிறது. என் கணவர் என்னைப் பற்றி நம்புவதும் அதைத்தானே.

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜோன் ட்ரான்டோ 1993இல் வெளிவந்த நூலில் பராமரிப்பை நான்கு கட்டமாகப் பிரித்தார். ஒன்றைப் பற்றி அக்கறைப்படுவது, அதற்குப் பொறுப்பேற்பது, கையால் பராமரிப்பது, பராமரிப்பைப் பெற்றுக்கொள்வது. அதிகாரத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டு கட்டத்தில் நின்றுகொள்வார்கள், கையால் செய்வது கீழே இருப்பவர்களுக்கு வந்து சேரும் என்பது அவருடைய கவனிப்பு. எங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என் கணவர் முதல் இரண்டில். அக்கா மூன்றில். நான் ஆள் தகுந்தபடி மேலேயும் கீழேயும் இடம் மாறுகிறேன். நான்காவது இடத்தில் மீனும் பவளமும். அவற்றிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அதைக் கேட்க வைத்தது சுத்தியல் பவளம். நுனிகள் சின்னச் சின்னச் சுத்தியல் தலைபோல இருப்பதால் அந்தப் பெயர். என் கணவர் சென்னையில் ஒரு கடையில் வாங்கி வந்தார். அந்த மே மாத இரவுக்குப் பிறகு அது தேறவில்லை. முதலில் சுருங்கியது. பிறகு சதை நூல்நூலாகக் கழன்றது. பத்து நாளில் வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. பவளம் செடியல்ல, கல்லும் அல்ல, விலங்கு என்பது எனக்கு ஏட்டளவில் தெரியும். ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. அவற்றின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுக்கும். தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசிகள் வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும். சத்தம் போடாத, ஓடாத, முகம் இல்லாத ஒரு விலங்கு சாவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அது எங்கிருந்து வந்தது என்று கணவரிடம் கேட்டேன். “வெளிநாட்டுச் சரக்கு” என்று கடைக்காரர் சொன்னாராம். ரசீதைத் தேடி எடுத்தேன். ‘அலங்காரப் பொருள் - 1’ என்று இருந்தது.

நம் நாட்டில் கல்பவளங்கள் அனைத்தும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அந்தத் தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. சட்டம் தேவையான சட்டம்தான்.

ஆனால் அந்தச் சட்டம் யாரை முதலில் தடுத்தது? அந்தக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை. தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வாழ்ந்தவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிறவர்கள். பூங்கா வந்த பிறகு அவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள், தடுக்கப்பட்டார்கள், அபராதம் கட்டினார்கள். அவர்கள் சங்கமாகக் கூடித் தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் கடலுக்குப் போவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்துவது. அவர்களுடைய தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பின் விருது கிடைத்தது.

அந்தப் பெண்கள் பவளத்துக்குப் பக்கத்தில் வாழ்வதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் வீட்டு ஹாலில் அதே வகை உயிர் இரண்டு வருடம் ஏ.சி.யில் இருந்தது. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. உறவினர்கள் பொறுமையைப் பாராட்டினார்கள். இயற்கையைச் சுரண்டுகிறவர் என்ற பெயர் கடலில் நனைந்தவருக்கும், இயற்கையை நேசிக்கிறவர் என்ற பெயர் கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கும் போவது எப்படி?

இதற்குச் சொல்லப்படும் பதில்கள் எனக்குத் தெரியும். என் கணவர் சொல்லும் பதில்கள் அவை, ஒரு காலத்தில் நானும் சொன்னவை.

முதல் பதில்: கடலே செத்துக்கொண்டிருக்கிறது, தொட்டியிலாவது பிழைக்கட்டும். பவளங்கள் உலகளவில் நான்காவது முறையாக வெளுக்கின்றன என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். மன்னார் வளைகுடா 2016இலேயே பெரிய வெளுப்பைப் பார்த்துவிட்டது. கவலை உண்மையானது. ஆனால் எங்கள் தொட்டிக்கும் அந்தக் கவலைக்கும் தொடர்பில்லை. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளைக் கடலுக்குள்ளேயே சட்டங்களில் கட்டி, சிதைந்த இடங்களில் மீண்டும் வளர்க்கிறார்கள். அங்கே பவளம் தன் கடலில் இருக்கிறது. எந்தக் கடல் என்றே தெரியாத ஒரு துண்டைக் குப்பனூரில் வைத்திருப்பது எந்தப் பாறையையும் மீட்காது.

இரண்டாவது பதில்: பண்ணையில் பிறந்ததை வாங்கினால் என்ன தவறு? இதில் நியாயம் இருக்கிறது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிவிட்டது. அப்படிப் பிறந்ததை வாங்குவது கடலில் பிடித்ததை வாங்குவதைவிட மேல். ஆனால் அந்த வேறுபாட்டைக் கேட்காமல்தான் நாங்கள் எல்லாவற்றையும் வாங்கினோம்.

மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்கவிடாதது. “இதுங்களுக்கு இங்க என்ன குறை? வேளாவேளைக்குச் சாப்பாடு, பெரிய மீன் வந்து தின்னுமேன்னு பயமில்ல, வெயில் மழை இல்ல.” இந்த வாக்கியத்தை நான் வேறொரு இடத்தில் கேட்டிருக்கிறேன். திருமணமான இரண்டாம் வருடம், சேலத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது கேட்டேன். உனக்கு இங்கே என்ன குறை?

உடனே நானும் அந்த மீனும் ஒன்று, இருவரும் கண்ணாடிக்குள் அடைபட்டவர்கள் என்று எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்டவற்றை நிறையப் படித்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் மீன் அல்ல. எனக்கு வாய் இருக்கிறது, கதவு இருக்கிறது, பேருந்து இருக்கிறது. பிடிவாதம் பிடித்து ஆறு வருடம் கழித்து வேலைக்குப் போனேன், இன்றும் போகிறேன். மீனுக்கு அந்தப் பாதை இல்லை. அது மட்டுமல்ல, இந்தக் கதையில் என் இடம் கண்ணாடிக்கு வெளியே. நான் தீனி போடுகிறவள், சாவி என்னிடம் இருக்கிறது. என் அடக்கப்பட்ட நிலையைச் சொல்ல மீனை உவமையாக எடுத்துக்கொண்டால், அந்த மீனை இன்னொரு முறை என் தேவைக்குப் பயன்படுத்தியதாகிவிடும்.

ஒப்புமை உயிர்களுக்குள் இல்லை, அந்த வாக்கியத்தில் இருக்கிறது. ‘என்ன குறை?’ என்று கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. கொடுத்ததை எண்ணிக் காட்டி, எடுத்ததைப் பேச்சில் இருந்து நீக்குவதற்காக அதைக் கேட்கிறார். நல்ல பராமரிப்பு என்பது சிறைப்படுத்தியதற்கான ரசீது அல்ல. அது, சிறைப்படுத்திய பிறகு கட்டியே ஆக வேண்டிய கடன். கடனைத் தவறாமல் கட்டுகிறேன் என்பதால், கடன் வாங்கியது சரியென்று ஆகிவிடாது.

கோமாளி மீன்களைப் பார்க்கிறவர்கள் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள்: “பெருசா இருக்கறதுதான ஆம்பளை?” இல்லை. பெரியது பெண். கூட்டத்தின் தலைமை அவளுடையது. முட்டையைக் காவல் காத்து, துடுப்பால் விசிறிக்கொண்டு நிற்பது ஆண். பெண் இறந்துபோனால் அந்த ஆணே பெண்ணாக மாறும். என் மகள் வகுப்பில் இதைச் சொல்லிப் பையன்களை வாயடைக்க வைத்துவிட்டு வந்தாள். எனக்கும் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் அவளிடம் சொன்னேன்: மீன் அப்படி வாழ்வதால் நாம் எப்படி வாழ வேண்டும் என்பது முடிவாகிவிடாது. இயற்கையைக் காட்டிப் பெண்ணை அடுப்படியில் உட்காரவைத்தவர்களும் இதே வழியில்தான் பேசினார்கள். மீனின் வாழ்க்கை நமக்குப் பாடம் நடத்த வந்ததல்ல, அது மீனுடையது. அதை நம் பொருளாக மாற்றாமல் பார்க்கக் கற்றுக்கொள்வதே போதும்.

அப்படியானால் என்ன செய்வது? கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள் மகள். அதுவும் முடியாது. தொட்டியில் இருந்த உயிர் நோயைக் கொண்டுபோகலாம், தனக்குச் சொந்தமில்லாத கடலில் பெருகலாம். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் அட்லாண்டிக் கடலில் பரவி அங்குள்ள மீன் குஞ்சுகளை அழித்துக்கொண்டிருக்கிறது. தொட்டியில் வைத்திருந்தவர்கள் திறந்துவிட்டதே அதற்குத் தொடக்கம் என்று கருதுகிறார்கள். தவறாகத் தொடங்கிய ஒன்றைத் திரும்பத் தொடங்கிய இடத்தில் விட்டுவிட்டுக் கை கழுவ முடியாது. வேறு யாருக்காவது கொடுத்தால் பொறுப்பு கைமாறும், தீராது. கோமாளி மீன் தொட்டியில் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்ததுண்டு. என் மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் இது இருக்கக்கூடும்.

ஆகவே நான் முடிவு செய்தவை சிறியவை. இனி ஒரு உயிரும் இந்தத் தொட்டிக்குள் புதிதாக வராது. இருப்பவை இருக்கும்வரை அவற்றுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வோம். கடைசி மீன் போன பிறகு தொட்டி போகும். இதில் ‘பார்த்துக்கொள்வோம்’ என்ற பன்மை வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்பதால், செய்ய வேண்டிய வேலைகளை நாள், வாரம், மாதம் என்று பிரித்து ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியின் பக்கவாட்டில் ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயர் என்று எழுதினேன். தண்ணீர் மாற்றும் வேலை மாதத்தில் இரண்டு முறை அவர் வரும் நாளில் அவருக்கு. முதல் தடவை வாளியைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “தினமும் இவ்வளவு வேலையா?” என்றார். ஆமாம் என்றேன். மின்சாரம் போகும் இரவுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்று வாங்கினோம். ஏ.சி.யின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அக்காவின் முழங்காலுக்கு வலி தெரிந்த அன்றே வாங்கியிருக்க வேண்டியது. அடுப்படிக்கும் விசிறி வந்துவிட்டது.

சுத்தியல் பவளத்தின் எலும்பு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதை ஷோகேஸில் வைக்கலாம் என்று ஒரு உறவினர் சொன்னார். வனத்துறையிடம் கொண்டுபோய், இப்படி வாங்கினோம், இப்படி இறந்தது என்று சொல்லி ஒப்படைப்பதுதான் சரி என்று நான் சொல்கிறேன். வழக்கு வரும், வேலைக்கு ஆபத்து என்று அவர் பயப்படுகிறார். அவர் பயம் பொய்யல்ல. பாசி எடுக்கப் போன பெண்களுக்கும் அந்தப் பயம் இருந்தது, அவர்கள் அதோடுதான் தினமும் கடலுக்குப் போனார்கள் என்று நான் பதில் சொல்கிறேன். இதை எழுதும் இந்த வாரம்வரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேற்றும் மலையில் மழை. வழக்கம்போல வண்டிகள் எங்கள் ஊர் வழியாக ஏறின. ஒரு சித்தி இறங்கி வந்து தொட்டியின் முன் நின்றார். “மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை” என்று தொடங்கியவர் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதெல்லாம் நீதான் செய்யறியா?”

“நானும் அக்காவும்” என்றேன். “இப்ப அவரும் கொஞ்சம்.”